கூடங்குளம் டு நெப்டியூன்: அணு உலை ஊரில் ஒரு வான் உலா!

கூடங்குளம் என்று கூகுளில் தட்டினால் முதலில் வருவது கடலோரம் நிற்கும் அந்தப் பெரிய குவிமாடங்களின் படம்தான். அடுத்து போராட்டம், போலீஸ், வழக்கு. 2011, 2012-ம் ஆண்டுகளில் இடிந்தகரையில் நடந்த போராட்டம் நாடு முழுக்கச் செய்தியானது. அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அதனாலேயே கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் சுற்றுலா வரும் குடும்பங்கள், இந்த ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் "அதோ பாரு, அணு உலை" என்று பிள்ளைகளிடம் கை காட்டிவிட்டு அப்படியே கடந்துபோய்விடுகிறார்கள்.

ஆனால், இந்த ஊரில் நின்று தலையைத் தூக்கிப் பார்ப்பவர்களுக்கு வேறு ஒரு கூடங்குளம் கிடைக்கும். இந்திய நிலப்பரப்பின் தென்கோடியில், பூமத்திய ரேகைக்கு வெறும் 8 டிகிரி வடக்கே இருக்கும் ஊர் இது. தெற்கே கடல். அதற்கப்பால் வெகுதூரத்துக்கு ஊரும் இல்லை, விளக்கும் இல்லை. டெல்லிக் குழந்தைகள் புத்தகத்தில் மட்டுமே பார்க்கிற சில நட்சத்திரங்களை, இங்கே மொட்டை மாடியில் இருந்தே பார்க்கலாம். லீவுக்கு இந்தப் பக்கம் வரும் சுட்டிகளுக்காக, கோள்கள், குறுங்கோள்கள் வழியாக ஒரு கூடங்குளம் டூர் இது.

காற்றாலையும் நெப்டியூனும்

நெல்லையில் இருந்து நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் வழியாக வந்தால் ஊர் வருவதற்கு முன்பே வரவேற்பது காற்றாலைகள். கன்னியாகுமரியில் இருந்து அஞ்சுகிராமம் வழியாக வந்தாலும் அதே காட்சிதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்று, இந்தப் பொட்டல் முழுக்க இறக்கைகளைச் சுழற்றுகிறது. கடற்கரை மக்கள் காற்றை வெறுமனே காற்று என்று சொல்வதில்லை. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று அது வரும் திசையை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

பொதுவாகக் காற்றின் வேகம் மணிக்கு 90 கி.மீ-ஐத் தொட்டால் பெரிய காற்றாலைகள் பாதுகாப்புக்காகத் தாமாகவே நின்றுவிடும். சூரியக் குடும்பத்தின் கடைசிக் கோளான நெப்டியூனில் வீசும் காற்றின் வேகம், மணிக்கு 2,000 கி.மீ! வாயேஜர் 2 விண்கலம் 1989-ல் அதன் அருகே பறந்தபோது தெரியவந்த செய்தி இது. சூரியனில் இருந்து அவ்வளவு தூரத்தில், அவ்வளவு குளிரில் இருக்கும் ஒரு கோளில் எப்படி இவ்வளவு வேகம் என்று விஞ்ஞானிகள் இன்றும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். காற்றாலையை அங்கே நட்டால் என்னவாகும் என்று கேட்கும் குழந்தைக்குப் பதில்: நடுவதற்குத் தரையே இல்லை. அது வாயுவும் பனிக்கூழும் நிறைந்த கோள்.

பஸ் ஸ்டாண்டில் சூரியன்

"நெப்டியூன் எவ்வளவு தூரம்?" என்ற கேள்விக்கு 450 கோடி கி.மீ என்று பதில் சொன்னால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் புரியாது. பெரியவர்களுக்கும்தான். அதனால் சூரியக் குடும்பத்தையே 100 கோடி மடங்கு சுருக்கி, கூடங்குளத்தில் வைத்துப் பார்ப்போம்.

சூரியன், 1.4 மீட்டர் அகலமுள்ள ஒரு பந்து. ஏறக்குறைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். அதைப் பஸ் ஸ்டாண்டில் வைப்போம். அங்கிருந்து 58 மீட்டர் நடந்தால் புதன், ஒரு மிளகு. 108 மீட்டரில் வெள்ளி, ஒரு கோலிக்குண்டு. 150 மீட்டரில் பூமி, இன்னொரு கோலிக்குண்டு. அதில் இருந்து ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் நிலா, ஓர் உளுந்து. மனிதன் இதுவரை கால் வைத்த தூரம் அவ்வளவுதான், கோலிக்குண்டில் இருந்து உளுந்து வரைக்கும்!

228 மீட்டரில் செவ்வாய், ஒரு பட்டாணி. அதைத் தாண்டியதும் கொஞ்ச தூரத்துக்கு ரோட்டில் ஒன்றுமே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அங்கேதான் லட்சக்கணக்கான குறுங்கோள்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியதான சீரிஸே நம் அளவில் ஒரு ரவைதான். மற்றதெல்லாம் தூசு. சினிமாவில் காட்டுவதுபோல விண்கலங்கள் பாறைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போக வேண்டிய அவசியமே இல்லை. இதுவரை அந்தப் பகுதியைக் கடந்த விண்கலங்கள் எதுவும் எதன் மீதும் மோதவில்லை.

780 மீட்டரில் வியாழன். இந்த ஊருக்குப் பொருத்தமாகச் சொன்னால், ஒரு பனங்காய். கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டரில் சனி, கொஞ்சம் சின்னப் பனங்காய், சுற்றிலும் ஒரு தட்டு வைத்ததுபோல வளையம். 2.9 கிலோமீட்டரில் யுரேனஸ், ஓர் எலுமிச்சம்பழம். 4.5 கிலோமீட்டரில் நெப்டியூன், இன்னொரு எலுமிச்சை. கிழக்கே நடந்திருந்தால் இந்நேரம் இடிந்தகரையை நெருங்கியிருப்போம்.

இந்தக் கணக்கில் ஒளியின் வேகம் என்ன தெரியுமா? விநாடிக்கு 30 சென்டிமீட்டர். ஒரு குழந்தை தவழ்கிற வேகம்! பஸ் ஸ்டாண்டில் இருந்து தவழ ஆரம்பித்தால் பூமிக் கோலிக்குண்டைத் தொட 8 நிமிடம் 20 விநாடி ஆகும். நிஜத்தில் சூரிய ஒளி நம்மை வந்து சேரும் நேரமும் அதேதான்.

1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், மனிதன் செய்த பொருள்களிலேயே அதிக தூரம் போயிருப்பது. அது இப்போது நம் அளவில் சுமார் 25 கிலோமீட்டரில், அதாவது கன்னியாகுமரி பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது. சரி, அடுத்த நட்சத்திரம் எங்கே? 40,000 கிலோமீட்டர் தள்ளி! உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப இதே கூடங்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால்தான் பக்கத்து வீட்டுச் சூரியனான பிராக்ஸிமா சென்டாரி. இடையில் ஏறக்குறைய வெற்றிடம்தான்.

அணு உலைக்குள் ஒரு கோளின் பெயர்

கூடங்குளத்தில் இப்போது தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் மின்சாரம் தருகின்றன. மேலும் நான்கு உலைகள் கட்டப்பட்டு வருகின்றன. அவற்றின் எரிபொருள் யுரேனியம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கியில் ஒரு புதிய கோளைக் கண்டார். மனித வரலாற்றில் தொலைநோக்கி மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் கோள் அது. யுரேனஸ் என்று பெயர் பெற்றது. உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், 1789-ல், ஜெர்மன் வேதியியலாளர் மார்ட்டின் கிளாப்ரோத் புதிதாக ஒரு தனிமத்தைக் கண்டறிந்தார். புதுக் கோளைக் கௌரவிக்க அதற்கு யுரேனியம் என்று பெயர் வைத்தார். பின்னாளில் வந்த தனிமங்களுக்கு அதே வரிசையில் நெப்டியூனியம், புளூட்டோனியம் என்று பெயர் வந்தது. ஆக, அணு உலைச் செய்திகளில் அடிபடும் பெயர்களில் பாதி வானத்தில் இருந்து இறங்கியவை.

பெயர் மட்டுமல்ல, யுரேனியமே வானத்துச் சரக்குதான். இரும்பைவிடக் கனமான இப்படிப்பட்ட தனிமங்கள், நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது போன்ற பயங்கர நிகழ்வுகளில் உருவாகின்றன. 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நம் சூரியக் குடும்பம் பிறந்தபோதே அந்தத் தூசும் உடன் வந்துவிட்டது.

யுரேனஸிடம் இன்னொரு வேடிக்கை உண்டு. மற்ற கோள்கள் பம்பரம்போலச் சுற்ற, இது மட்டும் பக்கவாட்டில் படுத்து உருள்கிறது. அதற்கும் வளையங்கள் உண்டு என்பது 1977 மார்ச் 10 அன்று தெரிந்தது. ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைத்த அந்த இரவில், அமெரிக்கர்கள் விமானத்தில் பறந்தபடி கவனித்தார்கள். அதே இரவில் ஜவ்வாது மலையில் உள்ள நம் காவலூர் வான் ஆய்வகத்திலும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி விட்டு விட்டு மங்கியதை அங்கேயும் பதிவு செய்தார்கள்.

காலடியில் நிலா, செவ்வாய்

இந்தக் கடற்கரையில் சில இடங்களில் மணல் கறுப்பாகவும் செம்மையாகவும் கோலம் போட்டதுபோலக் கிடக்கும். கறுப்பு, இல்மனைட். செம்மை, கார்னெட். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் கலந்த கனிமம். 1969-ல் அப்போலோ 11 வீரர்கள் நிலாவில் இருந்து அள்ளிக்கொண்டு வந்த பாறைகளில் அதே இல்மனைட் நிறைய இருந்தது. நிலாவின் முகத்தில் பாட்டி வடை சுடும் அந்தக் கறுப்புத் திட்டுகள் எல்லாம் உறைந்துபோன எரிமலைக் குழம்பு.

நிலாவின் வெளிர் நிறப் பகுதிக்கும் தமிழ்நாட்டில் ஒரு சொந்தம் உண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற பாறை, நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் பழக்குவதற்கான செயற்கை நிலா மண் அந்தப் பாறையைப் பொடித்துத்தான் தயாரானது.

செவ்வாயைப் பார்க்க வேண்டுமா? கிழக்கே திசையன்விளை தாண்டி, சாத்தான்குளம் பக்கம் போனால் தேரிக்காடு. கண்ணுக்கு எட்டிய தூரம் சிவந்த மணல் மேடுகள். இரும்புத் துரு படிந்த மணல் அது. செவ்வாய் சிவப்பாக இருப்பதற்கும் இரும்புத் துருதான் காரணம். ஒரே வித்தியாசம், தேரியில் பனையும் கொல்லாமரமும் வளர்கின்றன.

வடமேற்கே தெரியும் மலைத்தொடரில் இருப்பது மகேந்திரகிரி, உயரம் 1,654 மீட்டர். அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட் இன்ஜின்கள் விண்ணுக்குப் போகும் முன் இங்கே கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கப்படுகின்றன. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐச் சுமந்துபோன ராக்கெட்டின் கிரையோஜெனிக் இன்ஜினும் இங்கே சோதனை எழுதி பாஸான மாணவர்தான். இப்படிப்பட்ட மகேந்திரகிரியை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதின்மூன்று முறை அடுக்கினால்தான் செவ்வாயில் இருக்கும் ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலையின் உயரம் வரும்.

நிழல் காணாமல் போகும் மதியம்

கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம் பார்க்க எத்தனை கூட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். செவ்வாயில் அஸ்தமனம் நீல நிறத்தில் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே பகலில் வானம் மங்கிய செம்பழுப்பு. சூரியன் இறங்கும்போது அதைச் சுற்றி மட்டும் நீலம் படரும். காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசு செய்யும் மாயம் இது. க்யூரியாசிட்டி ரோவர் அதைப் படம் பிடித்தே அனுப்பியிருக்கிறது.

கூடங்குளத்திலேயே பார்க்கக் கூடிய மாயமும் ஒன்று உண்டு. ஏப்ரல் 10, 11 தேதிகள் வாக்கிலும், செப்டம்பர் 1, 2 தேதிகள் வாக்கிலும் மதியம் சுமார் 12.20 மணிக்குச் சூரியன் மிகச் சரியாகத் தலைக்கு மேல் வரும். செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தே பார்த்துவிடலாம். டெல்லிக்கு இந்த அதிர்ஷ்டம் வருடத்தில் ஒருநாள்கூடக் கிடையாது.

2010 ஜனவரி 15 அன்று இதே வானத்தில் நடந்தது இன்னும் பெரிய வேடிக்கை. மதியம் ஒரு மணிக்கு மேல் நிலா சூரியனுக்கு நடுவில் போய் உட்கார்ந்து, சுற்றிலும் நெருப்பு வளையம் மட்டும் தெரிந்தது. கன்னியாகுமரி முதல் தனுஷ்கோடி வரை அந்த வளையத்தைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட கங்கண சூரிய கிரகணம் அதுதான்.

கிரகணம் என்றதும் தாத்தா, பாட்டிகள் ராகு, கேது என்பார்கள். குழந்தைகளிடம் அதைச் சிரித்து ஒதுக்க வேண்டியதில்லை. நிலா போகும் பாதையும் சூரியன் போகும் பாதையும் வானத்தில் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளுக்குத்தான் அந்தப் பெயர்கள். அவை பொருள்கள் அல்ல, வெறும் இடங்கள். அந்த இடங்களுக்குப் பக்கத்தில் சூரியனும் நிலாவும் இருக்கும்போது மட்டுமே கிரகணம் நடக்கும்.

நவகிரகங்களைப் பொறுத்தவரை நெல்லைக்காரர்களுக்குத் தாமிரபரணியே ஒரு வரைபடம். பாபநாசம் சூரியனுக்கு, சேரன்மகாதேவி சந்திரனுக்கு, கோடகநல்லூர் செவ்வாய்க்கு, முறப்பநாடு வியாழனுக்கு, ஸ்ரீவைகுண்டம் சனிக்கு என்று நவகைலாயக் கோயில்கள் ஆற்றோடு வரிசையாக வருகின்றன. அந்த யாத்திரையில் யுரேனஸும் நெப்டியூனும் இல்லை. காரணம் எளிது, அவற்றைக் காணத் தொலைநோக்கி வேண்டும். கண்ணால் பார்க்க முடிந்தவற்றுக்கு மட்டுமே பெயரும் கிழமையும் கிடைத்தன. ஞாயிறு முதல் சனி வரை சொல்லிப் பாருங்கள், ஏழுமே வானத்தில் இருப்பவை!

அகத்தியரும் திரிசங்குவும்

இருட்டியதும் முதல் வேலை, துருவ நட்சத்திரத்தைத் தேடுவது. அது ஓர் ஊரில் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, அதுவே அந்த ஊரின் அட்சரேகை. கூடங்குளத்தில் 8 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது சுமார் 10 டிகிரி. ஆக, வடக்கு அடிவானத்தில் இருந்து ஒரு முஷ்டிகூட உயரம் இல்லை. நிறைய நாள் மேகமும் மரமும் மறைத்துவிடும். ஏமாற்றம்தான்.

ஆனால் வடக்கில் இழந்ததைத் தெற்கில் வட்டியோடு வாங்கிவிடலாம். பிப்ரவரி மாதம் இரவு 9 மணிக்குக் கடல் பக்கம் திரும்பினால், மூன்று முஷ்டி உயரத்தில் அகத்தியர் மின்னுவார். ஆங்கிலத்தில் கனோபஸ். வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையில் அகத்தியர் குடியிருப்பதாகச் சொல்லும் இந்தச் சீமையில், அதே பெயருள்ள நட்சத்திரம் இவ்வளவு உயரத்தில் தெரிவது பொருத்தம்தான். செவ்வாய்க்குப் போகும் விண்கலங்கள் வழி தவறாமல் இருக்கத் திசைகாட்டியாக வைத்துக்கொண்டதும் இந்த நட்சத்திரத்தைத்தான். 1964-ல் கிளம்பிய மரைனர் 4 அப்படித்தான் போனது.

மே மாதம் அதே நேரத்துக்கு வந்தால் தென்சிலுவை. இரண்டு முஷ்டி உயரத்தில் நான்கு நட்சத்திரங்கள். இதை நம் ஊர் மரபில் திரிசங்கு என்பார்கள். உடலோடு சொர்க்கம் போக ஆசைப்பட்டு, பாதி வழியில் தள்ளிவிடப்பட்ட அரசனுக்காக விசுவாமித்திரர் தெற்கு வானத்தில் தனிச் சொர்க்கம் படைத்தார் என்பது கதை. கூடங்குளத்துக்குப் பக்கத்திலேயே கடலோரம் இருக்கும் விஜயாபதியில் விசுவாமித்திரருக்குக் கோயில் இருப்பதுதான் ஆச்சர்யம். கோயிலுக்குப் போய்விட்டு, இரவில் அவர் படைத்த சொர்க்கத்தையும் பார்த்துவிட்டு வரலாம்!

கோள்களைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு குறிப்புப் போதும். நட்சத்திரம் மினுக்கும், கோள் பெரும்பாலும் மினுக்காது. சாதாரண பைனாகுலர் இருந்தால் வியாழனைப் பிடியுங்கள். பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் தெரிந்தால், 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்ததை உங்கள் வீட்டுச் சுட்டியும் பார்த்துவிட்டது என்று அர்த்தம். சனியின் வளையத்துக்குத் தொலைநோக்கி வேண்டும். தாமிரபரணிக் கரையில் கொக்கிரகுளத்தில் இருக்கும் நெல்லை மாவட்ட அறிவியல் மையத்துக்குப் போனால் கோள்கள் பற்றி இன்னும் விவரமாகத் தெரிந்துகொள்ளலாம். சனியின் நிலாக்கள் எத்தனை என்று பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 சேர்ந்து, எண்ணிக்கை 274 ஆகிவிட்டது.

நுங்கம்பாக்கத்தில் பிடிபட்ட 'ஏசியா'

குறுங்கோள்களைக் கண்டுபிடித்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1861 ஏப்ரல் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வான் ஆய்வகத்தில் நார்மன் பாக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் அதன் பெயரே 'ஏசியா'. பிறகு சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா என்று மேலும் நான்கு. இதில் 1866-ல் பிடிபட்ட சில்வியாவுக்கு இரண்டு குட்டி நிலாக்கள் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் தெரிந்தது. குறுங்கோளுக்கு இரண்டு நிலா என்று தெரிந்தது அதுவே முதல் முறை!

அதற்குப் பிறகு நூறாண்டு தாண்டிய இடைவெளி. 1988 பிப்ரவரியில் காவலூரில் ராஜமோகன் குழுவினர் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு, கணித மேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் இன்னொரு குறுங்கோளின் பெயர் விஷிஆனந்த். ஆமாம், நம் செஸ் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்தின் பெயர்தான்.

அமாவாசை இரவில் வரும் விருந்தாளி

குறுங்கோள் என்றால் குழந்தைகள் உடனே கேட்பது, "அது நம்ம மேல விழுமா?" இந்தக் கேள்விக்கு இந்தக் கடற்கரையில் பதில் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் தேவை. ஏனென்றால், கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் வாழும் கரை இது.

2004 ஜூனில் அமெரிக்காவில் ஒரு குறுங்கோள் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அதற்கு அபோபிஸ் என்று பெயர் வைத்தார்கள். டிசம்பர் மாதக் கடைசியில் கணக்குப் போட்டபோது விஞ்ஞானிகள் திடுக்கிட்டார்கள். 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியில் மோத வாய்ப்பு இருப்பதாகக் கணினி சொன்னது. நாளுக்கு நாள் அந்த வாய்ப்பு கூடிக்கொண்டே போய், டிசம்பர் 27 அன்று 2.7 சதவிகிதத்தைத் தொட்டது. எந்தக் குறுங்கோளுக்கும் அதற்கு முன் அவ்வளவு அதிக எண் வந்ததில்லை. சாதாரண நாளாக இருந்திருந்தால் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியாகியிருக்கும். ஆனால் அதற்கு முந்தைய நாள், டிசம்பர் 26 காலை, சுனாமி வந்திருந்தது. நாகையும் குளச்சலும் இந்தக் கரையும் இறந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், வானத்தில் வந்த எச்சரிக்கையை யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கே பழைய படங்களில் அந்தக் குறுங்கோள் இருந்த இடம் கிடைத்து, கணக்கு திருத்தப்பட்டு, 2029-ல் மோதாது என்று உறுதியானது.

2021-ல் ரேடார் மூலம் மீண்டும் அளந்து பார்த்தார்கள். குறைந்தது 100 ஆண்டுகளுக்கு அபோபிஸால் பூமிக்கு ஆபத்து இல்லை என்று நாசா அறிவித்தது. ஆபத்தான ஒன்று எதிர்காலத்தில் வந்தால்? அதற்கும் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. 2022 செப்டம்பரில் டார்ட் என்ற விண்கலத்தை டைமார்ஃபோஸ் என்ற குட்டிக் குறுங்கோள் மீது வேண்டுமென்றே மோதவிட்டார்கள். அதன் சுற்றுக் காலம் அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால் தள்ளிவிட முடியும் என்பது நிரூபணமானது. சுனாமி அன்று இந்தக் கரைக்கு இல்லாமல் போனது அந்த 'முன்கூட்டியே'தான்.

மோதாது, ஆனால் வரும். 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை இரவு. சுமார் 340 மீட்டர் அகலம், அதாவது கன்னியாகுமரியில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை எட்டு முறை அடுக்கினால் வரும் அளவு. அந்தப் பாறை பூமியில் இருந்து சுமார் 32,000 கி.மீ தூரத்தில் கடந்து போகும். நம் வீட்டு டிஷ் டிவிக்கு சிக்னல் அனுப்பும் செயற்கைக்கோள்கள் இருப்பது 36,000 கி.மீ உயரத்தில். அதைவிடப் பக்கத்தில்! இவ்வளவு பெரிய குறுங்கோள் இவ்வளவு அருகில் வருவதை மனிதர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வெறும் கண்ணால் பார்க்கப்போவது இதுவே முதல் முறை.

ஆஸ்திரேலியா பக்கம் தொடங்கி, இந்தியப் பெருங்கடலுக்கு மேலாக ஆப்பிரிக்காவை நோக்கி அது நகரும். இந்தியப் பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கும் கூடங்குளம் கரைக்கு இதைவிட நல்ல இருக்கை கிடைக்காது. அன்று அமாவாசை வேறு, நிலா வெளிச்சம் தொந்தரவு செய்யாது. மிக அருகில் வரும் நேரம் நம் கணக்கில் ஏப்ரல் 14 அதிகாலை சுமார் 3.15 மணி, தமிழ்ப் புத்தாண்டு விடியல். அப்போது அது அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேல் போய்விட்டிருக்கும். ஆகவே விடியும் வரை காத்திருக்காமல், முன்னிரவில் இருந்தே தெற்கு, தென்மேற்கு வானத்தைக் கவனிக்க வேண்டும். மெதுவாக ஊர்ந்துபோகும் ஒரு புள்ளி, அவ்வளவுதான் தெரியும்.

ஒரே சிக்கல், வெளிச்சம். வானம் கறுத்திருந்தால்தான் அந்தப் புள்ளி தெரியும். காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள், மின் நிலையத்தின் ஒளிவெள்ளம், ஊருக்கு ஊர் புதிதாக வரும் உயர்கோபுர விளக்குகள் என்று இந்தக் கரையின் இருட்டு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வருகிறது. சென்னைப் பிள்ளைகளுக்கு எப்போதோ காணாமல் போன வானம், இங்கே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அன்று ஓரிரு மணி நேரம் தெருவிளக்குகளை அணைத்து வைக்க ஊராட்சிகள் முன்வந்தால், இப்போது தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அந்தக் காட்சியைத் தங்கள் ஊரில் நின்றே பார்த்துவிடுவார்கள்.

அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்கு: டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள் வரும். வால்மீன் தூசால் அல்ல, ஃபேத்தான் என்ற குறுங்கோளின் தூசால் வருபவை இவை. வடகிழக்குப் பருவமழை மேகம் விலகி வழிவிட்டால் நல்ல வேட்டை. அணு மின் நிலையத்தைச் சுற்றிப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் அந்தப் பக்கம் கேமராவும் ட்ரோனும் வேண்டாம். அலை கடுமையான கரை என்பதால் இரவில் தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். எந்த இடத்தில் உட்காரலாம் என்று உள்ளூர் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். போனை மட்டும் பையில் வைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும்.